கைக்கு மீறும் டர்போ டீசல் கார்: சரிசெய்வதா, சமாளிப்பதா, விற்பதா?

"2014 மாடல் டீசல் கார். 1,60,000 கி.மீ. ஓடியிருக்கிறது. போன வருஷம் ஏ.சி. கம்ப்ரசர், அப்புறம் ரேடியேட்டர், இப்போது டர்போ போய்விட்டது என்கிறார்கள். எஸ்டிமேட் 92,000 ரூபாய். இப்படியே விற்றால் இரண்டு லட்சம் தேறினால் பெரிது. என்ன செய்யலாம்?"

மாடலும் தொகையும் மாறும். வாசகர்கள் கேட்பது இதைத்தான். (டர்போ என்பது இஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் விசிறி.) இப்போது இந்தக் கேள்வி அதிகமாக வருவதற்குக் காரணம் உண்டு. 2007 தொடக்கத்தில் டீசல் ஸ்விஃப்ட் வந்தபின் நம் ஊரில் ஒரு டீசல் அலை அடித்தது. அதில் இருந்த ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் இஞ்சின் டிசையர், ரிட்ஸ், எர்டிகா, சியாஸ், இண்டிகா விஸ்டா, புன்டோ, லீனியா என்று எல்லா பானெட்டுக்குள்ளும் புகுந்தது. 'இந்தியாவின் தேசிய இஞ்சின்' என்று கேலியாகச் சொல்லும் அளவுக்குப் பரவியது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகை மாசு விதி வந்தபோது மாருதி டீசலையே கைவிட்டது. ஆக, அந்த அலையில் வாங்கிய கார்கள் எல்லாம் பெரிய பில் வரும் வயதுக்கு ஒன்றாக வந்து சேர்ந்திருக்கின்றன.

## எதை வைத்து முடிவெடுப்பது

மாத ஓட்டம். டீசல் கார் லிட்டருக்கு 18 கி.மீ., அதே அளவு பெட்ரோல் கார் 15 கி.மீ. தருவதாக வைத்துக்கொள்வோம். டீசல் 92, பெட்ரோல் 101 ரூபாய் என்று போட்டால், மாதம் 1,500 கி.மீ. ஓட்டுபவருக்கு டீசலால் வருடத்துக்கு ஏறக்குறைய 29,000 ரூபாய் மிச்சம். மாதம் 500 கி.மீ. மட்டும் ஓட்டுபவருக்கு 10,000 ரூபாய்கூட மிச்சமாகாது. இரண்டாமவருக்கு, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் இரண்டு போனாலே ஒன்றரை வருட மிச்சம் காலி. இந்தக் கணக்கை உங்கள் ஓட்டத்துக்குப் போட்டுப் பார்க்காமல் மேலே படிக்க வேண்டாம்.

இஞ்சினின் உள்நிலை. டர்போ, இன்ஜெக்டர், கிளட்ச், ஏ.சி. எல்லாம் இஞ்சினுக்கு வெளியே தொங்குபவை, கழற்றி மாற்றிவிடலாம். பிஸ்டன், ரிங், லைனர், கிராங்க் பேரிங் தேய்ந்திருந்தால் கதையே வேறு. சூடான இஞ்சினை ஐடிலில் விட்டு, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றித் தலைகீழாக அந்த வாயிலேயே வைத்துப் பாருங்கள். மூடி லேசாக ஆடினால் பயமில்லை. குபுகுபுவென்று புகை வந்து மூடியைத் தூக்கி எறிந்தால் ரிங் தேய்மானம் என்று சந்தேகப்படலாம். இதோடு நிற்காமல், சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் நிற்கிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். நாலு சிலிண்டரிலும் அளவு ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தனியே இறங்கி நின்றால் பிரச்சினை. 92,000 ரூபாய் செலவழிக்கும் முன் இந்தச் சோதனைக்கு ஆகும் காசு ஒரு பொருட்டே அல்ல. ஆனால் நாம் கேட்காவிட்டால் பெரும்பாலான பட்டறைகளில் செய்ய மாட்டார்கள்.

கோளாறின் காரணம். டர்போ போனது சரி, ஏன் போனது? இதற்குப் பதில் இல்லாத எஸ்டிமேட் பாதி எஸ்டிமேட்தான். கீழே விரிவாகப் பார்ப்போம். வயரிங் கோளாறுகளில் காரணம் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் வெள்ளத்தில் நின்ற கார்கள் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. கனெக்டர்கள் பச்சை பூத்து, ஒருநாள் ஸ்டார்ட் ஆகி மறுநாள் ஆகாமல் போகும் காருக்கு எந்த எஸ்டிமேட்டும் நம்பத்தக்கதல்ல.

ஆர்.சி.யும் ஸ்பேரும். 2014-இல் பதிவான காரின் ஆர்.சி. 2029 வரை செல்லும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். 15 முதல் 20 வயது வரையான காருக்கு மத்திய அரசின் கட்டணம் 5,000 ரூபாய், அதோடு பசுமை வரியும் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்குத் தயார்செய்யும் செலவும் சேரும். டெல்லிப் பகுதியில் பத்து ஆண்டு டீசல் கார்களுக்கு வந்த கெடுபிடி தமிழ்நாட்டில் இல்லை. ஸ்பேர் விஷயத்தில் மாருதிக்காரர்களுக்குக் கவலை குறைவு. ஷெவர்லே 2017-இல் இந்திய விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021-இல் அறிவித்துவிட்டு 2022-இல் மறைமலை நகர் ஆலையில் உற்பத்தியை முடித்துக்கொண்டது. இந்த கார்களில் ஒரு சென்சருக்காகக் கார் வாரக்கணக்கில் பட்டறையில் நிற்கக்கூடும்.

இவற்றோடு, வீட்டில் வேறு வண்டி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இரவில் நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு நிற்க நேர்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே இதற்குப் பதில் வந்துவிடும்.

## பில்லை எதோடு ஒப்பிடுவது

'இரண்டு லட்சம் ரூபாய்க் காருக்கு ஒரு லட்சம் ரிப்பேரா?' என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். கேட்கச் சரியாகத் தோன்றும், ஆனால் கணக்கு தப்பு. இந்த காரை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனால் வருடத்துக்கு என்ன ஆகும் என்பதோடுதான் பில்லை ஒப்பிட வேண்டும்.

எட்டு லட்சத்துக்குப் புதிய கார், ஆறு லட்சம் கடன், 9.5% வட்டி, ஐந்து ஆண்டு என்றால் மாதத் தவணை 12,600 ரூபாய். 'ஏழு மாதத் தவணையில் ரிப்பேரே முடிந்துவிடும்' என்று சொல்வதும் சரியல்ல. தவணையில் ஒரு பகுதி அசலாக உங்கள் காரிலேயே நிற்கிறது. உண்மையில் கரைவது வட்டியும் விலைச் சரிவும். முதல் வருட வட்டி 50,000 ரூபாய்க்கு மேல். விலை ஒரு லட்சமாவது இறங்கும். முழு இன்சூரன்ஸ் தனி. பழைய காரின் விலையும் இறங்கும்தான், ஆனால் வருடத்துக்கு 25,000 அளவில். ஆக, புதிய காருக்குப் போவதால் முதல் வருடம் ஒன்றேகால் லட்சம் அதிகம் கரைகிறது. 92,000 ரூபாய் ரிப்பேர் இரண்டு வருடம் நிம்மதியாக ஓட விட்டால் பழைய கார் தெளிவாக மலிவு. ஆறு மாதத்தில் அடுத்த 60,000 கேட்டால் மலிவில்லை. அதனால்தான் உள்நிலையும் காரணமும் அவ்வளவு முக்கியம்.

## வழி 1: முழுதாகச் சரிசெய்து வைத்துக்கொள்வது

அந்த 92,000 எப்படி வந்தது? டர்போ 28,000, இரண்டு இன்ஜெக்டர் 16,000, டைமிங் செயின் கிட் 13,000, சஸ்பென்ஷன் 12,000, கிளட்ச் செட் 11,000, லேபர் 12,000. இது ஒரு மாதிரிக் கணக்குதான். ஊருக்கும் மாடலுக்கும் ஏற்ப மாறும். இதில் ஒவ்வொரு வரியையும் தட்டிப் பார்க்க வேண்டும்.

'பிக்கப் இல்லை, விசில் சத்தம் வருகிறது' என்று போனவுடன் டர்போ என்று எழுதிவிடுகிறார்கள். டர்போவின் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் ஒரு கீறல் விழுந்தாலும் இதே அறிகுறிதான். வேக்குவம் பைப் ஓட்டை, டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டர் இறுகல், ஏர்-ஃப்ளோ சென்சரில் அழுக்கு, அடைத்த டீசல் ஃபில்டர் எல்லாமே பிக்கப்பைக் குறைக்கும். ஆகவே டர்போவின் இன்லெட் ஹோஸைக் கழற்றி உங்கள் கண்முன்னே ஷாஃப்டை ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள். பக்கவாட்டில் மிக லேசாக ஆடுவது இயல்பு. உள்ளும் வெளியுமாக நகர்ந்தாலோ, இறக்கை முனைகள் ஹவுசிங்கில் உரசிய பளபளப்புக் கோடு தெரிந்தாலோ டர்போ போனது உண்மை.

அப்படி உண்மையாகவே போயிருந்தால், கொன்றது யார் என்பது அடுத்த கேள்வி. நிமிடத்துக்கு 1,50,000 சுற்றுக்கு மேல் சுழலும் அந்த ஷாஃப்ட் மிதப்பது மெல்லிய ஆயில் படலத்தில். ஆயில் மாற்றத் தாமதித்து, தவறான கிரேடு ஊற்றி, கரி படிந்து ஆயில் ஃபீட் பைப் அடைத்திருக்கும். அல்லது இஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் இருக்கும் வடிகட்டி அடைத்திருக்கும். பைப்பை மாற்றாமல், சம்ப்பை இறக்கிச் சுத்தம் செய்யாமல், இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலை வடிக்காமல் புது டர்போவை மட்டும் மாட்டினால் அதுவும் அதே பாதையில் போகும். வாரண்டி கேட்டால் 'ஆயில் சப்ளை இல்லாமல் போனது' என்று கைவிரித்துவிடுவார்கள். இந்த உப வேலைகள் எஸ்டிமேட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் பட்டறையை மாற்றுவது நல்லது.

இன்ஜெக்டருக்கு ரிட்டர்ன் டெஸ்ட் கேளுங்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் பைப்பிலும் ஒரு சின்ன பாட்டிலை மாட்டி இஞ்சினை ஓடவிடுவார்கள். எந்த பாட்டில் மற்றவற்றைவிட வேகமாக நிரம்புகிறதோ அதுதான் குற்றவாளி. நாலையும் மாற்றச் சொல்பவரும், பாட்டில் சோதனையே செய்யாமல் இரண்டை மாற்றச் சொல்பவரும் ஊகத்தில் பேசுகிறார்கள். புது இன்ஜெக்டர் போட்டால் பல மாடல்களில் அதன் கோட் நம்பரை ஈ.சி.யு. எனும் இஞ்சின் கணினியில் ஏற்ற வேண்டும். ஸ்கேனர் இல்லாத பட்டறையில் இது நடக்காது.

கிளட்ச் விஷயத்தில் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ரிலீஸ் பேரிங் விலை அற்பம், அதற்காகக் கியர்பாக்ஸை இறக்கும் கூலி பெரிது. ஆகவே பெட்டியை இறக்கியதும் பேரிங், பின்பக்க ஆயில் சீல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடுங்கள். அதிர்வைக் குறைக்கும் டூயல் மாஸ் ஃப்ளைவீல் உள்ள மாடலென்றால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். அது சேர்ந்தால் கிளட்ச் பில் எகிறும்.

1.3 மல்டிஜெட்டில் வால்வுகளை இயக்குவது டைமிங் செயின். டஸ்டர், டெரானோவில் வரும் 1.5 டீசலிலும் ஃபோர்டின் 1.5 டீசலிலும் பெல்ட். செயின் தேய்ந்தால் குளிர் ஸ்டார்ட்டில் கடகடவென்று சொல்லிவிடும். பெல்ட் சொல்லாமல் அறும். அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதி ஹெட்டே போகும். பெல்ட் மாற்றிய பில் இல்லாத பழைய கார் என்றால் டர்போவுக்கு முன் அதைச் செய்யுங்கள்.

மறைமுகச் செலவுகள்: கார் பட்டறையில் நிற்கும் நாட்களின் வாடகைக் கார், பிரித்தபின் கூடும் எஸ்டிமேட், அப்புறம் இந்தப் பணம் விற்கும்போது திரும்ப வராது என்பது. 92,000 செலவழித்தால் காரின் விலை 30,000 ஏறினாலே அதிர்ஷ்டம்தான். எஸ்டிமேட்டை 'உறுதியாக வேண்டும்', 'பெரும்பாலும் வேண்டும்', 'பிரித்தால்தான் தெரியும்' என மூன்றாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். மூன்றாவது பகுதி பெரிதாக இருந்தால் கையிருப்பும் அதற்கேற்ப இருக்க வேண்டும்.

யாருக்கு: மாதம் 1,000 கி.மீ.க்கு மேல் ஓட்டுபவர், கம்ப்ரஷன் நன்றாக வந்தவர், இன்னும் மூன்று நாலு வருடமாவது வைத்துக்கொள்ளும் எண்ணம் உள்ளவர்.

## வழி 2: அப்போதைக்கு ஒப்பேற்றி ஓட்டுவது

இதைக் கேவலமாகப் பார்க்க வேண்டியதில்லை. எட்டு மாதத்தில் காரை மாற்றப்போவது உறுதி என்றால் சஸ்பென்ஷன் சத்தத்தையும் கனமான கிளட்சையும் பொறுத்துக்கொள்ளலாம். டர்போவில் சுழலும் உட்பகுதியான கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றி ரீகண்டிஷன் செய்துகொள்ளலாம். நல்ல கைகளில் கொடுத்தால் புதியதன் பாதி விலைக்குள் முடியும். புகையில் ஒரு பகுதியை மீண்டும் இஞ்சினுக்குள் விடும் ஈ.ஜி.ஆர். வால்வையும், காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டையும் கழற்றிக் கையால் கரி எடுத்தாலே பாதி இழுவை திரும்பும் கார்கள் உண்டு. சர்வீஸ் சென்டரில் கழற்றாமலே செய்யும் 'கார்பன் கிளீனிங்' பேக்கேஜ் மீது எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

'ஈ.ஜி.ஆரை அடைத்துவிடலாம் சார்' என்பார்கள். வேண்டாம். புகை மாசு கூடும், செக் இஞ்சின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், நாளை உண்மையான கோளாறு வந்தாலும் தெரியாது.

பொறுக்கக் கூடாதவையும் உண்டு. பிரேக், ஸ்டீயரிங், டயர், கூலன்ட் குறைவது ஆகியவற்றில் ஒப்பேற்றல் கிடையாது. நீலப் புகை விடும் டர்போவும் அப்படித்தான். சீல் போய் ஆயில் இன்டேக்கில் இறங்கினால் இஞ்சின் தன் ஆயிலையே எரித்துத் தானாக வேகமெடுக்கும். சாவியை எடுத்தாலும் நிற்காது. மேனுவல் காரில் பிரேக்கை அழுத்திப் பிடித்து, உயர் கியரில் போட்டு, கிளட்சை விட்டு இஞ்சினைத் திணறடித்துத்தான் அணைக்க வேண்டும். தாமதித்தால் மொத்த இஞ்சினும் போகும்.

## வழி 3: வேறு இஞ்சின் மாட்டுவது

கம்ப்ரஷன் போய்விட்டால் லேத்துக்குக் கொடுத்து முழு ஓவர்ஹால் செய்வது ஒன்று, புதுப்பேட்டை மாதிரி இடங்களில் பழைய இஞ்சின் எடுப்பது இன்னொன்று. ஓவர்ஹாலே மேல். என்ன உள்ளே போயிருக்கிறது என்பதாவது தெரியும்.

பழைய இஞ்சினில் விலையைவிடக் காகிதம்தான் சிக்கல். இஞ்சின் நம்பர் மாறினால் ஆர்.டி.ஓ.வில் ஆர்.சி.யைத் திருத்த வேண்டும். அதற்கு அந்த இஞ்சின் வந்த காரின் ஆவணங்களும் பில்லும் தேவை. பில் தராத கடையில் வாங்கிய இஞ்சின் திருட்டுப் பொருளாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். நம்பர் பொருந்தாத காருக்கு விபத்து க்ளெய்மும் சிக்கலாகும். எர்டிகா மாதிரி மறுவிற்பனை மதிப்புள்ள கார், அதிக ஓட்டம், பாடி நல்ல நிலை என மூன்றும் சேர்ந்தால் மட்டும் இதை யோசிக்கலாம்.

## வழி 4: உள்ளபடியே விற்பது

கார் கன்சல்டிங்காரர், புதிய காருக்கு எக்ஸ்சேஞ்ச், நேரடியாகத் தெரிந்தவருக்கு என மூன்று வாசல். கன்சல்டிங்காரர் ரிப்பேர் தொகையை மட்டும் கழிக்க மாட்டார். தன் லாபத்தையும், தெரியாத கோளாறுக்கான பயத்தையும் சேர்த்துக் கழிப்பார். எக்ஸ்சேஞ்சில் தரும் போனஸைப் பழைய காரின் விலையோடு கலந்து சொல்வார்கள். 'கார் கொடுக்காமல் வாங்கினால் என்ன தள்ளுபடி?' என்று தனியாகக் கேட்டால்தான் உங்கள் காருக்கு உண்மையில் எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று விளங்கும்.

விற்பதற்காக முழு ரிப்பேர் செய்யாதீர்கள். கிழிந்த ஹோஸ், ஏ.சி. கேஸ், பேட்டரி மாதிரி சின்னச் செலவுகள் மட்டும் திரும்ப வரும். டர்போ கோளாறை மறைத்துத் தெரிந்தவர் தலையில் கட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எஸ்டிமேட்டையே காட்டி விலையைக் குறைத்துக்கொள்வது இரு பக்கமும் நல்லது.

பெயர் மாற்றத்தை வாங்குபவர் பொறுப்பில் விட்டுவிடாதீர்கள். ஆர்.சி.யில் யார் பெயரோ அவர்தான் விபத்து இழப்பீட்டில் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லிவிட்டது. ஃபாஸ்டேக்கை மூடுங்கள். இன்சூரன்ஸின் நோ க்ளெய்ம் போனஸ் காருக்குரியதல்ல, உங்களுக்குரியது; 50% வரை சேர்ந்திருந்தால் சான்று வாங்கி அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

யாருக்கு: மாதம் 500 கி.மீ.யும் ஓட்டாதவர், மின்சாரக் கோளாறில் மாட்டியவர், ஸ்பேர் கிடைக்காத பிராண்டு வைத்திருப்பவர்.

## வழி 5: ஸ்கிராப்

பதிவுபெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்தால் அதே ரகப் புதிய காரின் ஷோரூம் விலையில் 4 முதல் 6 சதவீதம் வரை கிடைக்கும் என்பது 2021-இல் அறிவித்த கொள்கையின் கணக்கு. அந்த மையம் தரும் டெபாசிட் சான்றிதழை வைத்துப் புதிய காருக்குப் பதிவுக் கட்டண விலக்கும், சாலை வரியில் 25% வரை மாநில அரசு தரும் சலுகையும் பெறலாம். ஓடும் நிலையில் உள்ள 2014 காரை இப்படிக் கொடுப்பது நஷ்டம். 15 ஆண்டு முடியப்போகும், இஞ்சினும் பாடியும் போன காருக்குத்தான் இது. தெருமுனைப் பழைய இரும்புக் கடையில் கொடுத்தால் ஆர்.சி. உங்கள் பெயரிலேயே உயிரோடு இருக்கும், அது ஆபத்து.

## ஒரே பார்வையில்

| வழி | கைப்பணம் | மறைமுகச் செலவு | பொருந்துவது |
|---|---|---|---|
| முழு ரிப்பேர் | அதிகம் | பிரித்தபின் கூடும் பில், நிற்கும் நாட்கள் | அதிக ஓட்டம், நல்ல கம்ப்ரஷன் |
| ஒப்பேற்றல் | குறைவு | நடுவழியில் நிற்பது, சின்னது பெரிதாவது | சில மாதத்தில் மாற்றுவது உறுதியானால் |
| வேறு இஞ்சின் | மிக அதிகம் | ஆர்.சி. திருத்தம், இன்சூரன்ஸ் | மறுவிற்பனை மதிப்புள்ள கார் |
| உள்ளபடி விற்பனை | இல்லை | விலைக் குறைப்பு, புதிய காரின் வட்டி | குறைந்த ஓட்டம், காரணம் தெரியாத கோளாறு |
| ஸ்கிராப் | இல்லை | மிகக் குறைந்த தொகை | ஆயுள் முடிந்த கார் |

## விற்றால் அடுத்தது என்ன

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18% ஆகக் குறைந்ததில் புதிய பெட்ரோல் கார் முன்பைவிடக் கைக்கு எட்டுகிறது. பழைய கார்களின் விலையையும் அது கீழே இழுத்திருக்கிறது. பழைய காரை விற்கும் உங்களுக்கு அது பாதகம். மாதம் 1,000 கி.மீ.க்குள் ஓட்டுபவருக்குப் பெட்ரோல் போதும். அதற்கு மேல் ஓட்டி, வழியில் பங்க் இருந்தால் சி.என்.ஜி. பார்க்கலாம், டிக்கி இடம் போகும், சிலிண்டரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும்.

இன்னொரு பழைய டீசலுக்கே போவதென்றால், பி.எஸ்.6 மாடல்களில் டி.பி.எஃப். என்ற கரி வடிகட்டி இருக்கும். தினமும் ஐந்து கி.மீ. ஆபீசுக்குப் போய்வரும் காரில் அது அடைத்துக்கொள்ளும். நெடுஞ்சாலை ஓட்டம் இருந்தால்தான் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்யும். டெல்லிப் பதிவு டீசல் மலிவாகக் கிடைக்கிறதே என்று இறங்கினால் அங்கே வாங்கும் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.), இங்கே மறுபதிவு, தமிழ்நாட்டுச் சாலை வரி எல்லாம் சேர்ந்து அந்த மலிவை விழுங்கிவிடும். எதை வாங்கினாலும் விற்பவர் வீட்டுக்குக் காலையில் போங்கள், பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால், குளிர் ஸ்டார்ட்டில் வரும் செயின் சத்தத்தையோ புகையையோ உங்களுக்குக் காட்ட அவருக்கு விருப்பமில்லை என்று எடுத்துக்கொண்டு, இன்னொரு நாள் முன்னறிவிப்பில்லாமல் போய்ப் பாருங்கள்.